செவ்வாயின் புழுதி எங்கே போய்ப் படிகிறது?

இன்றைக்கு ஒரு சொதப்பலான போட்டோவிலிருந்து ஆரம்பிக்கலாம்.

1971 நவம்பர் 14. மரினர் 9 என்கிற அமெரிக்க விண்கலம் செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்தது. பூமியைத் தவிர இன்னொரு கிரகத்தை ஒரு விண்கலம் சுற்றி வந்தது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் போன மரினர் 4, 6, 7 மூன்றும், எக்ஸ்பிரஸ் ரயில் ஜன்னலிலிருந்து சின்ன ஸ்டேஷனைப் பார்க்கிற மாதிரி, கடந்து போகும்போது கிடைத்ததைப் படம் பிடித்தவை. இது அங்கேயே தங்கப் போகிறது. மொத்தக் கிரகத்தையும் வரைபடமாக்குவதுதான் திட்டம். கலிஃபோர்னியாவில் ஜேபிஎல் ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் படத்துக்காகக் காத்திருந்தார்கள்.

வந்த படங்களில் ஒன்றுமே இல்லை. வெள்ளையடித்த சுவர் மாதிரி ஒரு வட்டம். தென் துருவத்தில் ஒரு வெளிறிய திட்டு. அது தவிர நான்கு கரும்புள்ளிகள். அவ்வளவுதான்.

கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. செப்டம்பர் 22-ஆம் தேதி, செவ்வாயின் தெற்குப் பாதியில் நோவாக்கிஸ் என்கிற பகுதியில் ஒரு வெளிறிய மேகம் கிளம்பியதைப் பூமியிலிருந்தே தொலைநோக்கி வழியாகப் பார்த்திருந்தார்கள். சில வாரங்களுக்குள் அந்தப் புழுதி மொத்தக் கிரகத்தையும் போர்த்திவிட்டது. மரினர் 9 போய்ச் சேர்ந்தபோது புயல் இன்னும் அடங்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. 1971-இல் செவ்வாய் பூமிக்கு ரொம்பப் பக்கத்தில் வந்தது. ஏன் அவ்வளவு பக்கம்? செவ்வாயின் பாதை வட்டமாக இல்லாமல் கொஞ்சம் நீண்டிருக்கும். அந்த வருஷம் அது சூரியனுக்கு மிக அருகே வரும் இடத்தில் இருந்தது, அதனால் நமக்கும் அருகே இருந்தது. பயணம் போக நல்ல நேரம். ஆனால் சூரியனுக்கு அருகே வந்தால் செவ்வாயின் தெற்குப் பாதிக்குச் சரியான கோடை. தூரத்தில் இருக்கும்போது கிடைப்பதைவிட 40 சதவீதத்துக்கும் மேல் கூடுதல் வெயில். அந்தக் கோடைதான் புயல் சீசன். லோவெல் வானாய்வகத்தைச் சேர்ந்த சார்லஸ் கேப்பன், பழைய பதிவுகளை வைத்து, இந்தத் தடவை பெரிய புயல் வரலாம் என்று முன்கூட்டியே சொல்லியும் இருந்தார். நல்ல நேரம் பார்த்துக் கிளம்பினார்கள், அந்த நல்ல நேரமேதான் ராகுகாலமாகவும் இருந்தது.

புயல் என்றதும் 'தி மார்ஷியன்' படத்தின் முதல் காட்சியை நினைத்துக்கொள்ள வேண்டாம். செவ்வாயில் காற்று பூமியில் இருப்பதில் ஒரு சதவீதம்கூட இல்லை. நூறு கிலோமீட்டர் வேகத்தில் அடித்தாலும் ஆளைச் சாய்க்காது. புழுதிதான் விஷயம். முகத்துக்குப் போடும் பவுடரைவிட நைஸான துகள்கள். ஒருமுறை மேலே போனால் வாரக்கணக்கில், மாசக்கணக்கில் இறங்காது. மரினர் 9-க்கு ஒரு அதிர்ஷ்டம், அதன் கம்ப்யூட்டருக்குப் பூமியிலிருந்து புது உத்தரவு அனுப்ப முடியும். வரைபட வேலையைத் தள்ளிவைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

காத்திருக்க முடியாத இரண்டு கலங்கள் பின்னாலேயே வந்தன. சோவியத் யூனியனின் மார்ஸ் 2, மார்ஸ் 3. தரையிறங்கும் நேரமெல்லாம் முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டது. நவம்பர் 27-ஆம் தேதி மார்ஸ் 2 இறக்கிவிட்ட கலம் தரையில் மோதி நொறுங்கியது. செவ்வாய் மண்ணைத் தொட்ட முதல் மனிதப் பொருள் அதுதான், ஆனால் தொட்ட விதம் சரியில்லை. டிசம்பர் 2-ஆம் தேதி மார்ஸ் 3 பத்திரமாகவே இறங்கியது. சிக்னல் அனுப்ப ஆரம்பித்தது. சுமார் 20 விநாடி. பிறகு சத்தமே இல்லை. புயல்தான் காரணமா என்பது இன்றைக்கும் உறுதியில்லை, ஆனால் அந்தப் புயலுக்குள்தான் அது இறங்கியது. மேலே சுற்றிக்கொண்டிருந்த அதன் தாய்க்கலம், போட்ட உத்தரவு மாறாமல் வெறும் புழுதியைப் படமெடுத்துத் தள்ளியது.

புழுதி மெல்ல இறங்க இறங்க, அந்த நான்கு கரும்புள்ளிகளும் என்ன என்று தெரிந்தது. புயலுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்த எரிமலை உச்சிகள். அதில் ஒன்றுதான் ஒலிம்பஸ் மோன்ஸ், கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர் உயரம். இந்தக் கதையை நீங்க எங்கேயாவது கேட்டிருப்பீங்க. எல்லா டாக்குமென்டரியிலும் வரும். எனக்கு அதைவிட வேறொரு கேள்வி. ஒரு கிரகம் முழுக்க எழும்பின அவ்வளவு புழுதியும் எங்கே போனது?

பதில், எல்லாரும் கண்டுகொள்ளாமல் விட்ட அந்த வெளிறிய திட்டில் இருந்தது. துருவத்தில்.

செவ்வாயின் துருவங்களில் வெள்ளையாக ஏதோ இருக்கு என்பது பழைய செய்தி. ஜாக்கமோ மரால்டி 1719-இலேயே தென் துருவத் தொப்பி சரியாகத் துருவத்தின் மேல் உட்காரவில்லை, கொஞ்சம் தள்ளி இருக்கிறது என்பதைக் கவனித்துவிட்டார். 1784-இல் வில்லியம் ஹெர்ஷல் அது பனியாக இருக்கும் என்றார். நம்ம ஊர்ப் பனி மாதிரி, தண்ணீர்ப் பனி. அடுத்த 180 வருஷம் கிட்டத்தட்ட எல்லாரும் அப்படியே நம்பினார்கள்.

அதைக் கலைத்தவர்கள் இரண்டு பேர், ராபர்ட் லேட்டன், ப்ரூஸ் மர்ரி. இருவரும் கால்டெக் ஆட்கள். இன்ஜினியரிங், ஃபிசிக்ஸ் படித்தவர்களுக்கு லேட்டனைத் தெரிந்திருக்கும், பெயர் கவனத்தில் இருக்காது. 'ஃபைன்மன் லெக்சர்ஸ்' அட்டையில் ஃபைன்மனுக்கு அடுத்து வரும் பெயர் அவருடையதுதான். மர்ரி புவியியல்காரர். செவ்வாயில் உயிர் இருக்கும், கால்வாய் இருக்கும் என்கிற பேச்சைக் கேட்டாலே அவருக்கு ஆகாது. 1965-இல் மரினர் 4 போய் அங்கே காற்று எவ்வளவு மெல்லியது என்று காட்டியதும், இருவரும் வெப்பக் கணக்கு போட்டுப் பார்த்தார்கள். குளிர்காலத் துருவத்தில் வெப்பநிலை சுமார் மைனஸ் 125 டிகிரிக்கு இறங்கும். அந்தக் குளிரில் உறைவது தண்ணீர் மட்டும் இல்லை. காற்றே உறையும். செவ்வாயின் காற்றில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்ஸைடு. அது உறைந்தால் ட்ரை ஐஸ். கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளையும் பொண்ணும் நடந்து வரும்போது கால்கிட்ட புகை விடுவாங்களே, அதேதான்.

1966-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு கிரகத்தின் காற்றில் கால்வாசி அளவுக்குத் தரையில் பனியாக விழுகிறது, கோடையில் திரும்பக் காற்றாகிறது. கிரகமே வருஷத்துக்கு ஒருமுறை மூச்சை இழுத்து விடுகிற மாதிரி.

இந்த இடத்தில் ஒரு சங்கடமான சம்பவம். 1969 ஆகஸ்டில் மரினர் 7 தென் துருவத்துக்கு மேலே பறந்தது. அதிலிருந்த அகச்சிவப்புக் கருவிக்குப் பொறுப்பு ஜார்ஜ் பிமென்டெல், பெர்க்லியின் பெரிய வேதியியலாளர். இரண்டே நாளில் பத்திரிகையாளர் கூட்டத்தில் வந்து சொன்னார்: துருவத் தொப்பியின் ஓரத்தில் மீத்தேனும் அம்மோனியாவும் தெரிகிறது. இரண்டுமே உயிர்களோடு சம்பந்தப்பட்ட வாயுக்கள். மறுநாள் பேப்பரில் எப்படி வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சில வாரங்களில் தெரிந்தது, அந்தக் கோடுகள் மீத்தேனும் இல்லை, அம்மோனியாவும் இல்லை. திடமான கார்பன் டை ஆக்ஸைடு. ட்ரை ஐஸுக்கு அந்த இடத்தில் கோடு விழும் என்பது அதுவரைக்கும் சரியாக அளக்கப்படவில்லை. பிமென்டெல் தன் முடிவைத் திரும்பப் பெற்றார். எனக்கு அவர்மேல் மரியாதைதான். சொன்னதைச் சபையில் சொன்னார், தப்பு என்றதும் தப்பு என்றார். லேட்டனும் மர்ரியும் போட்ட கணக்குக்கு அதுவே ஒரு சாட்சியாகவும் ஆனது.

அப்புறம் அவர்கள் கணக்கும் முழுசாகச் சரி இல்லை என்று ஆனது வேறு விஷயம். 1976-இல் வைக்கிங் கலங்கள் வட துருவத்தைக் கோடையில் அளந்தபோது, மிச்சம் இருந்த தொப்பி ட்ரை ஐஸாக இருக்க முடியாத அளவுக்குச் சூடாக இருந்தது. சூடு என்றால் மைனஸ் 70 டிகிரி பக்கம். அது தண்ணீர்ப் பனி. மேலே வருஷா வருஷம் வந்துபோகும் ட்ரை ஐஸ், அதற்கு அடியில் நிரந்தரமாகக் கிடக்கும் தண்ணீர்ப் பனி. ஆக ஹெர்ஷலுக்கும் பாதி மார்க் உண்டு.

இப்போ 1971-க்குத் திரும்பி வருவோம். புழுதி அடங்கியதும் மரினர் 9-இன் கேமரா தென் துருவத்தைத் தெளிவாகப் பார்த்தது. வடக்கில் அப்போது குளிர்கால இருட்டு. 1972-இல் அங்கே வெயில் வந்த பிறகு வட துருவமும் தெரிந்தது. இரண்டு இடத்திலும் மர்ரியின் குழு ஒரே விஷயத்தைப் பார்த்தது. அடுக்குகள். சரிவுகளில், பள்ளத்தாக்குகளின் பக்கவாட்டில், ஒன்றன்மேல் ஒன்றாக வெளுப்பும் கறுப்புமாகக் கோடுகள். பனியும் புழுதியும் மாறி மாறிப் படிந்த படிவுகள். அவற்றின் மேல் விண்கல் விழுந்த பள்ளங்கள் மிகக் குறைவு. பள்ளம் இல்லை என்றால் புதுத் தரை என்று அர்த்தம். சுமார் நானூற்றைம்பது கோடி வருஷப் பழசான ஒரு கிரகத்தில், நேற்று போட்ட ரோடு மாதிரி ஒரு இடம்.

எங்கள் வீட்டில் சீலிங் ஃபேனைத் துடைப்பது போகிக்கு ஒருமுறைதான். எங்கள் தெருமுனையில் பாலம் கட்டிக்கொண்டிருந்த வருஷம், இறக்கையைத் துடைத்த துணி சிமென்ட் நிறத்தில் வந்தது. மற்ற வருஷங்களில் வெறும் கறுப்பு. நான்கு வருஷம் துடைக்காமல் விட்டு, மேலிருந்து கீழே மெதுவாகச் சுரண்டிப் பார்த்தால் எந்த வருஷம் பாலம் வந்தது என்று சொல்லிவிடலாம் இல்லையா? மர்ரியின் குழு துருவத்தில் பார்த்தது அந்த மாதிரி ஒரு கணக்கைத்தான். தடிமன் மட்டும் கிலோமீட்டர் கணக்கில்.

ஏன் அடுக்கடுக்காக? புழுதியும் பனியும் ஒரே வேகத்தில் விழுந்துகொண்டே இருந்தால் கோடு வராது, ஒரே கலவையாகக் கிடக்கும். ஏதோ ஒன்று மாறி மாறி நடந்திருக்க வேண்டும். 1973-இல் வில்லியம் வார்ட் என்கிற இளைஞர் அதற்குக் கணக்கோடு வந்தார். செவ்வாயின் அச்சு இப்போது 25 டிகிரி சாய்ந்திருக்கிறது, கிட்டத்தட்ட பூமி அளவு. பார்த்தால் நம்மைப் போலவே தெரியும். ஆனால் அது தற்செயல். செவ்வாயின் சாய்வு சுமார் 1,20,000 வருஷத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது, 15 டிகிரியிலிருந்து 35 டிகிரி வரைக்கும் போகிறது. பூமியின் சாய்வு 22-க்கும் 24.5-க்கும் நடுவில் ஒழுங்காக நிற்பதற்கு நம் நிலா பெரிய காரணம். செவ்வாய்க்கு இருக்கும் இரண்டு நிலாக்கள் வெறும் கூழாங்கல். பிடித்து நிறுத்த ஆளில்லை. 1993-இல் ஜாக் லாஸ்கர் குழுவும் வேறொரு குழுவும் தனித்தனியாகக் காட்டினார்கள், நீண்ட காலக் கணக்கில் அந்தச் சாய்வை முன்கூட்டிச் சொல்லவே முடியாது, அவ்வளவு குழப்பமானது.

சாய்வு அதிகமானால் கோடையில் துருவம் சூரியனை நேராகப் பார்க்கும். பனி ஆவியாகி மற்ற பகுதிகளுக்குப் போகும். புழுதி மட்டும் தங்கும். சாய்வு குறைந்தால் பனி திரும்பத் துருவத்துக்கு வரும். நம் பூமியின் பனியுகங்களுக்கும் இதே மாதிரி ஒரு விளக்கம் ஏற்கெனவே இருந்தது. செர்பியாவின் மிலுடின் மிலன்கோவிச் சொன்னது. முதல் உலகப்போரில் அவரைக் கைதியாகப் பிடித்து புடாபெஸ்டில் வைத்திருந்தார்கள். நூலகத்துக்குப் போக அனுமதி கிடைத்தது. அங்கே உட்கார்ந்து அவர் போட்ட கணக்குகளில் ஒன்று, 1916-இல் வெளியானது, செவ்வாயின் தட்பவெப்பம் பற்றியது. அங்கே தண்ணீர் திரவமாக இருக்க முடியாத குளிர் என்றார். ஊர் முழுக்கச் செவ்வாய் மனிதர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

பூமியைப் பற்றி மிலன்கோவிச் சொன்னதை நிறையப் பேர் நம்பவில்லை. 1976-இல்தான் ஹேஸ், இம்ப்ரி, ஷேக்கிள்டன் மூவரும் கடல்தரைச் சேற்றில் துளையிட்டு எடுத்த மாதிரிகளில் அதே தாளத்தைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். தேதியைக் கவனிச்சீங்களா? சூரியனைச் சுற்றும் பாதையின் ஆட்டம் தட்பவெப்பத்தை எழுதுகிறது என்று செவ்வாயின் அடுக்குகளை வைத்து 1973-இலேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். சொந்த ஊரில் அது உறுதியாக மூன்று வருஷம் ஆனது.

சரி, புழுதி துருவத்துக்கு எப்படிப் போகிறது? 1979-இல் ஜேம்ஸ் போலாக் குழு ஒரு வழி சொன்னது. பெரிய புயல்கள் தெற்கின் கோடையில் கிளம்புகின்றன. அதே நேரம் வடக்கில் குளிர்காலம், அங்கே காற்று உறைந்து விழுந்துகொண்டிருக்கிறது. மேலே மிதக்கும் புழுதித் துகள் ஒவ்வொன்றின் மேலும் தண்ணீர்ப் பனி ஒட்டும். அதன்மேல் ட்ரை ஐஸ் ஒட்டும். கனம் கூடும். துருவத்தில் விழும். வசந்தத்தில் ட்ரை ஐஸ் மட்டும் பறந்துவிடும். பனியும் புழுதியும் அங்கேயே தங்கிவிடும். அதாவது 1971-இல் மரினர் 9-இன் கண்ணை மறைத்த அதே புழுதியில் ஒரு பங்கு, அந்தச் சமயத்திலேயே வட துருவத்தின் இருட்டில் அடுத்த அடுக்காக விழுந்துகொண்டிருந்திருக்க வேண்டும்.

தொப்பியின் ஓரமே ஒரு புயல் தொழிற்சாலையும்கூட. ஒரு பக்கம் உறைந்த பனி, பக்கத்திலேயே வெயிலில் காயும் மண். அந்த வித்தியாசம் காற்றைக் கிளப்பும். 1996-இல் ஹப்பிள் தொலைநோக்கி வடக்குத் தொப்பியின் ஓரத்திலேயே ஒரு புயலைப் படம் பிடித்தது. 2014 செப்டம்பரில் நம்ம மங்கள்யான் அனுப்பிய முதல் முழுவட்டப் படத்திலும், வடக்குப் பாதியில் ஒரு புழுதிப்புயல் இருந்தது. அந்தப் படத்தை அன்றைக்கு வாட்ஸ்அப்பில் எத்தனை பேர் அனுப்பினார்கள், அதில் புயலைப் பார்த்தவர்கள் எத்தனை பேரோ.

தென் துருவத்தில் இன்னும் விநோதம். குளிர்காலத்தில் படியும் ட்ரை ஐஸ், கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் பலகையாகக் கெட்டிப்படுகிறது. வசந்தத்தில் வெயில் அதன் வழியாக உள்ளே போய் அடியில் இருக்கும் கறுப்பு மண்ணைச் சூடாக்குகிறது. பனி அடியிலிருந்து ஆவியாகிறது. ஆவிக்கு வழி இல்லை. குக்கர் மாதிரி அழுத்தம் ஏறி, பலகை பிளந்து, புழுதியோடு பீறிட்டு அடிக்கிறது. மேலே விசிறி வடிவில் கறுப்புத் திட்டுகள், கீழே தரையில் சிலந்திக்கால் மாதிரி கிளைபிரிந்த வாய்க்கால்கள். இதை 2006-இல் ஹியூ கீஃபர் குழு விளக்கியது. பூமியில் இதற்கு இணையாக ஒன்றுமே கிடையாது.

ஆனால் அந்தப் புயல் இன்னொரு வழியிலும் பூமிக்கு வந்தது. இது கொஞ்சம் கனமான விஷயம்.

மரினர் 9 சும்மா காத்திருந்த வாரங்களில் அதன் அகச்சிவப்புக் கருவி வெப்பநிலையை அளந்துகொண்டே இருந்தது. புழுதி வெயிலை மேலேயே உறிஞ்சிக்கொண்டதால், உயரத்தில் காற்று சூடாகி, கீழே தரை குளிர்ந்திருந்தது. கார்ல் சேகனும், ஜேம்ஸ் போலாக்கும், பிரையன் டூனும் செவ்வாயின் புழுதியை வைத்துக் கணக்குப் போட்டுப் பழகியவர்கள். அதே கணக்கை எரிமலைச் சாம்பலுக்குப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு ஒரு கேள்வி வந்தது. அணுகுண்டுப் போர் நடந்து, நூற்றுக்கணக்கான நகரங்கள் எரிந்து, அந்தப் புகை மேலே போய் நின்றால்? ரிச்சர்ட் டர்கோ, தாமஸ் அக்கர்மன் இருவரையும் சேர்த்து ஐந்து பேர் 1983 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். நியூக்ளியர் வின்டர், அணுக்குளிர்காலம் என்கிற சொல் அங்கிருந்துதான் பரவியது. போரில் சேராத நாடுகளிலும் பயிர் விளையாது, வெடிக்காத ஊரிலும் பட்டினி வரும் என்பதுதான் அதன் சாரம்.

எதிர்ப்பும் வந்தது. கணக்கு ரொம்ப எளிமையானது, கடலின் சூட்டைச் சேர்க்கவில்லை, இவ்வளவு குளிராது என்றார்கள். 1986-இல் ஸ்டீபன் ஷ்னைடரும் ஸ்டார்லி தாம்சனும் இது குளிர்காலம் இல்லை, இலையுதிர்காலம் அளவுக்குத்தான் என்று எழுதினார்கள். அந்தச் சண்டை இன்றைக்கும் முழுசாக ஓயவில்லை. என் கருத்தைக் கேட்டா, எத்தனை டிகிரி குளிரும் என்பதைவிட, ஒரு கிரகம் முழுக்கப் புழுதி மூடினால் தரை குளிரும் என்பதை மனிதர்கள் கண்ணால் பார்த்த ஒரு உதாரணம் இருந்தது என்பதுதான் முக்கியம். அதுவரைக்கும் அது காகிதக் கணக்கு.

மறுபடி துருவத்துக்கு. அடுக்குகள் இருக்கு என்று தெரிந்துவிட்டது. போய்த் தோண்டிப் பார்க்க வேண்டியதுதானே? அதற்காகவே கிளம்பியது மார்ஸ் போலார் லேண்டர். 1999 ஜனவரியில் ஏவினார்கள். இறங்கும் இடம் தென் துருவத்தின் அடுக்குப் படிவுகள், 76 டிகிரி தெற்கு. மண்ணைத் தோண்ட ஒரு இயந்திரக் கை, தோண்டியதைச் சூடாக்கிப் பார்க்க ஒரு அடுப்பு, ஒரு மைக்ரோஃபோன்கூட. கூடவே தரையில் குத்தி இறங்க இரண்டு சிறு கருவிகள், அவற்றுக்குத் தென் துருவத்துக்கு முதலில் போகப் போட்டியிட்ட ஆமுண்ட்சென், ஸ்காட் பெயர்கள்.

இதற்கு முன்னால் செப்டம்பரில் இதன் ஜோடிக் கலமான மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் தொலைந்திருந்தது. ஒரு தரப்பு பவுண்டு கணக்கில் கொடுத்ததை இன்னொரு தரப்பு நியூட்டன் கணக்காக எடுத்துக்கொண்ட அந்தப் பிரபலமான தப்பு. எனவே டிசம்பர் 3-ஆம் தேதி எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கியிருக்கும். லேண்டர் செவ்வாயின் காற்றுக்குள் நுழைந்தது. அதற்குப் பிறகு ஒரு வார்த்தை வரவில்லை. குத்தி இறங்க வேண்டிய இரண்டு கருவிகளும் பேசவில்லை.

விசாரணையில் பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று சொன்னார்கள்: மேலே கால்களை விரித்தபோது ஏற்பட்ட குலுக்கலை, கால் தரையைத் தொட்டுவிட்டதாக சென்சார் எடுத்துக்கொண்டது. சுமார் 40 மீட்டர் உயரத்தில் மென்பொருள் அந்தக் குறிப்பைப் பார்த்தது. இறங்கியாச்சு என்று எண்ணி எஞ்சினை அணைத்துவிட்டது. 28 வருஷம் காத்திருந்து, பதின்மூன்று மாடி உயரத்தில் போன கதை. அந்த அடுக்குகளை முதலில் விளக்கிய மர்ரிக்கு அப்போது 68 வயது. 2013-இல் அவர் இறந்தார். அதுவரையிலும், அதற்குப் பிறகும், எந்தக் கலமும் அந்த அடுக்குகளின் மேல் இறங்கவில்லை.

2008 மே 25-ஆம் தேதி ஃபீனிக்ஸ் இறங்கியது உண்மை. ஆனால் அது 68 டிகிரி வடக்கில், தொப்பிக்கு வெளியே. சில சென்டிமீட்டர் மண்ணைக் கிளறியதுமே பனி தெரிந்தது. மேகத்திலிருந்து பனி விழுவதையும் அதன் லேசர் பார்த்தது. அக்டோபர் கடைசியில் ஒரு புழுதிப்புயல் வந்து சூரியத் தகட்டுக்குக் கிடைத்த கொஞ்ச வெளிச்சத்தையும் குறைத்தது. நவம்பர் 2-ஆம் தேதியோடு அது மௌனம்.

தோண்ட முடியாததால் ரேடாரை வைத்துப் படிக்கிறார்கள். மார்ஸ் ரிகானசன்ஸ் ஆர்பிட்டரில் இத்தாலி கொடுத்த ஷராட் என்கிற ரேடார் இருக்கு. பனி, ரேடியோ அலையை உள்ளே விடும். புழுதி அதிகமான அடுக்கு வந்தால் கொஞ்சம் திருப்பி அனுப்பும். ஸ்கேன் சென்டரில் வயிற்றுக்குள் பார்க்கிற மாதிரிதான். வட துருவப் படிவு இரண்டு கிலோமீட்டர் தடிமன். மொத்தம் 8,21,000 கன கிலோமீட்டர், கிரீன்லாந்துப் பனியில் சுமார் 30 சதவீதம். அதில் பெரும்பகுதி சுத்தமான பனி, புழுதி சுமார் 5 சதவீதம்தான். அந்த ஐந்து சதவீதம் இல்லையென்றால் கோடே தெரியாது. 2016-இல் ஐசக் ஸ்மித் குழு இந்த ரேடார் படங்களில் ஒரு முறிவைக் காட்டியது. செவ்வாயின் கடைசிப் பனியுகம் சுமார் 3,70,000 வருஷத்துக்கு முன் முடிந்தது, அதற்குப் பிறகு பனி துருவங்களுக்குத் திரும்பிச் சேர்ந்தது என்பது அவர்கள் முடிவு. இங்கே ஒரு தலைகீழ்: பூமியில் பனியுகம் என்றால் துருவத்தில் பனி பெருகும், செவ்வாயில் பனியுகம் என்றால் துருவத்தில் குறைந்து மற்ற இடங்களுக்குப் பரவும்.

எல்லாரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்று நினைக்காதீங்க. 2002-இல் லாஸ்கர் குழு, அடுக்குகளின் வெளுப்பையும் கறுப்பையும் பாதையின் ஆட்டத்தோடு பொருத்தி, மேல் அடுக்குகள் வருஷத்துக்கு அரை மில்லிமீட்டர் வீதம் படிந்தவை என்றது. 2009-இல் டெய்லர் பெரானும் பீட்டர் ஹைபர்ஸும் அதே மாதிரிப் படங்களைப் புள்ளியியல்படி சோதித்து, இந்தக் கோடுகளில் பெரும்பகுதி ஒழுங்கில்லாத ஏற்ற இறக்கமாகவும் இருக்கலாம், தாளம் இருப்பதாக உறுதி சொல்ல முடியாது என்றார்கள். ஒரு கோடு என்பது ஒரு பெரும்புயலா, ஆயிரம் வருஷக் கணக்கா, 1,20,000 வருஷச் சுற்றின் ஒரு துண்டா? அதைச் சொல்ல ஒரு துளை வேண்டும். கிரீன்லாந்தில் கேம்ப் செஞ்சுரி என்கிற இடத்தில் 1966-இலேயே 1,387 மீட்டர் துளைத்துப் பனியின் அடியைத் தொட்டுவிட்டார்கள். செவ்வாயின் அடுக்கில் நாம் இன்னும் ஒரு சென்டிமீட்டர்கூடப் போகவில்லை.

கடைசியாக ஒரு புயல். 2018 மே 30-ஆம் தேதி கிளம்பி, சில வாரங்களில் கிரகத்தை மூடியது. ஆப்பர்ச்சுனிட்டி ரோவர் அப்போது அங்கே பதினைந்தாவது வருஷத்தில் இருந்தது. திட்டமிட்டது வெறும் 90 நாள். ஜூன் 10-ஆம் தேதி கடைசியாகப் பேசியது. பேட்டரி குறைகிறது, இருட்டுகிறது என்று அது சொன்னதாக ஒரு வாசகம் எல்லார் ஸ்டேட்டஸிலும் ஓடியது, என் ஸ்டேட்டஸிலும்தான். ரோவர் அப்படி எதுவும் எழுதவில்லை. அது அனுப்பியது வெறும் எண்கள். அதை ஒரு பத்திரிகையாளர் மனிதப் பேச்சாக மாற்றிச் சொன்னார். 2019 பிப்ரவரி 13-ஆம் தேதி நாசா அதற்கு விடை கொடுத்தது.

அந்தப் புழுதியும் இறங்கியிருக்கும். வடக்கில் அப்போது இலையுதிர்காலம் ஆரம்பித்திருந்தது, தொப்பி உறையத் தொடங்கும் நேரம். லாஸ்கர் சொன்ன கணக்கு சரியாக இருந்தால், அந்த வருஷத்துக்கான பக்கம் அரை மில்லிமீட்டர் தடிமனில் அங்கே எங்கேயோ கிடக்கிறது. 1971-இன் பக்கம் அதற்குச் சற்றுக் கீழே, இரண்டு விரல்கடைக்கும் குறைவான ஆழத்தில்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.